நித்திலன் எழுதாத கடிதம்

கொடுத்துவிட்டேன். உறையை ஒட்டக்கூட இல்லை, உள்ளே மடித்துச் செருகியதோடு சரி. பள்ளிக் கவுன்சிலர் பிரிசில்லா மேடம் அதை வாங்கி நீல ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு, "நித்திலனே எழுதினதுதானே மேடம்?" என்று கேட்டார், நான் தலையாட்டினேன், அவர் சிரித்தார், கதவு சாத்திக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் இருக்குமே, மூன்று இருக்கை சேர்ந்த இரும்பு நாற்காலி, அந்த மாதிரி ஒன்று அவர் அறைக்கு வெளியே வராந்தாவில், அதில் நடு இருக்கையில் நான். மணி இரண்டு ஐந்து. இரண்டே முக்காலுக்கு பீரியட் முடியும். ஏழு பையன்கள் உள்ளே போவதை எண்ணிக்கொண்டிருந்தேன். தயிர்சாதமும் ஊறுகாயும் வியர்வையும் கலந்த வாசனை. ஒருவன் சட்டையில் குழம்புக் கறை, ஒருவனுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது, கடைசியில் வந்த குள்ளப் பையன் ஷூ லேஸை மிதித்து மிதித்து நடந்தான். இவர்களா. மூன்று மாதமாக நான் மனதில் வைத்திருந்த முகங்கள் வேறு, பெரிய முகங்கள், கிட்டத்தட்ட மீசை முளைத்த முகங்கள். என் பிள்ளையைப் படுத்தியெடுத்த விஷாக் யாரென்று யாரும் சொல்லாமலே தெரிந்தது, அவன்தான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மற்ற ஆறு பேரையும் உள்ளே விட்டான். நல்ல வளர்ப்பு. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மரியாதையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பையன் காதில் அது விழப்போகிறது. என் பிள்ளை ராத்திரி படுக்கையை நனைக்கிறான் என்பது. பத்து வயது, ஐந்தாம் வகுப்பு, ஜூன் மாதத்திலிருந்து. கடிதத்தில் மூன்றாவது பத்தியில் இருக்கிறது, நித்திலன் கையெழுத்து மாதிரி நான் எழுதிய கையெழுத்தில். நித்திலன் ஒரு எழுத்தும் எழுதவில்லை. அப்படி ஒரு கடிதம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

போய் வாங்கிவிடலாம். எழுந்து இரண்டு எட்டு வைத்து, கதவைத் தட்டி, மேடம் ஒரு நிமிஷம், கவரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், அது வேறு. என்ன வேறு. கரண்ட் பில்லா. கேட்டால் என்ன சொல்வேன். ஏழு பையன்களும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தம்மா எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறாளே, அதில் என்ன இருக்கிறது என்று யோசிப்பார்கள், யோசிக்க வைப்பது சொல்வதைவிட மோசம். இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் விளையாட்டு என்று மேடம் சொல்லியிருக்கிறார், பத்து நிமிடம் விளையாட்டு, அப்புறம்தான் கடிதம். உள்ளே கைதட்டுகிறார்கள், ஒருவன் தட்டினால் பக்கத்தில் இருப்பவன் தட்ட வேண்டும் போலிருக்கிறது, அந்தத் தட்டல் வட்டமாகச் சுற்றி வருகிறது, எங்கோ அறுந்துபோகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பைக் கேட்டதும் கதவுப் பக்கம் திரும்புகிறேன். ஆனால் சாதாரணச் சிரிப்புதான் இது. போன வாரம் இதே அறையில் எனக்கு டீ கொடுத்து எவ்வளவு பொறுமையாக விளக்கினார். "நாங்க யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம் மேடம். தண்டனை குடுத்தா அந்தக் கோபம் எங்க போகும்? இன்னொரு பையன் மேலதான் போகும். கஷ்டப்படுத்தினவன், பார்த்துட்டு சும்மா இருந்தவன், நல்ல பையன், எல்லாரையும் கலந்து வட்டமா உக்கார வைப்போம். அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்குன்னு அவன் வார்த்தையிலயே வாசிச்சுக் காட்டுவோம். அப்புறம் ஒவ்வொருத்தனும் நான் என்ன உதவி செய்வேன்னு சொல்லணும். அவ்வளவுதான்." யார் என்ன செய்தார்கள் என்று எழுத வேண்டாம், எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும், மனசு தமிழில்தான் வரும் என்றார். நான் அழுதேன். மூன்று மாதத்தில் முதன்முதலாக ஒருத்தர் என் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் பேசினார், அதற்காகவே அழுதேன். என் புருஷன் பாஸ்கர் ஓசூரிலிருந்து போனில் என்ன சொன்னார். "என் சட்டையையும்தான் கிழிச்சானுங்க ஸ்கூல்ல, நான் என்ன செத்தா போயிட்டேன்?" அந்த வார்த்தையை எதற்கு இழுக்கிறார் இந்த மனுஷன். அன்றைக்கே பால்கனியில் கட்டியிருந்த நைலான் கொடியை அவிழ்த்துச் சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன். இப்போது துணியெல்லாம் நாற்காலி முதுகில்தான் காய்கிறது. கொடி அறுந்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பத்து வயசுப் பிள்ளை, அவனுக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன், நினைத்துக்கொண்டே பேப்பரில் சில பக்கங்களை மட்டும் சட்டென்று புரட்டிவிடுவேன்.

முதலில் வாட்டர் பாட்டில்தான் காட்டிக்கொடுத்தது. காலையில் நிரப்பியது சாயங்காலம் அப்படியே வரும், மூடி திறக்காமல், வெயிலில் சூடாகி. ஏன்டா குடிக்கல. தாகம் எடுக்கலம்மா. ஜூன் மாதத் திருச்சி வெயிலில் தாகம் எடுக்காத பிள்ளை. வேனிலிருந்து இறங்கியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான், உள்ளே தாழ் போட மாட்டான், கதவு ஒரு விரல் திறந்தே இருக்கும், "அம்மா அங்கயே நில்லு" என்பான். அப்புறம் ராத்திரி. முதல் நாள் தண்ணீர் கொட்டிவிட்டது என்றான், நானும் ஆமாம் தண்ணீர் என்றேன். நான்காவது நாள் அவனே விரிப்பைச் சுருட்டி வாஷிங் மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தான், சத்தம் வராமல், திருடன் மாதிரி. அன்றைக்குத்தான் சொன்னான். பாத்ரூமுக்குள் விட்டு வெளியே தாழ் போட்டார்கள் என்று. எவ்வளவு நேரம். கொஞ்ச நேரம்தாம்மா. யார். விஷாக், அப்புறம் ரெண்டு பேர், விளையாட்டுக்குத்தாம்மா. பிறகு என் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து, "ராத்திரி வர்றத மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டகூட. என் தலையில சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். கான்வென்ட்டில் படித்தவள், சத்தியமாவது மண்ணாவது, ஆனால் அந்த முடியின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று சொல்வார்களே, அதை முழுதாக நினைத்துப் பார்க்க மனம் வரவில்லை. நான் வாயால் யாரிடமும் சொல்லவில்லையே, எழுதத்தானே செய்தேன், அதுவும் அவனாக. நேற்று அவன் முன்னால் பேப்பரும் பென்சிலும் வைத்து, மேடம் கேட்டாங்க கண்ணா, உனக்கு எப்படி இருக்குன்னு எழுது என்றபோது ஒரு வரி எழுதினான், 'நான் நன்றாக இருக்கிறேன்', எழுதிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான். அதைக் கொடுத்திருக்கலாம். அதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவன் தூங்கினபின் சமையல்கட்டில் உட்கார்ந்து அவனுடைய பழைய நோட்டைப் பக்கத்தில் வைத்து எழுதினேன், ழகரத்துக்கு அவன் நீளமாக வால் விடுவான், நானும் விட்டேன். நன்றாக வந்தது. வெட்கம் கெட்டவள், நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். 'நான் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை, குடித்தால் பாத்ரூம் போக வேண்டும்.' 'என் அம்மா மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டு, மேல் வீட்டுக்காரர்கள் பார்க்காமல் இருக்க அதன் மேல் மிளகாய் காயவைப்பார்.' நான் படித்த பள்ளியில் என் கட்டுரைகளை வகுப்பில் வாசிக்கச் சொல்வார்கள். உண்மையைச் சொல், கல்லும் உருகும் என்று நம்ப வைத்து வளர்த்திருக்கிறார்கள் என்னை.

உருகுமா. எனக்குத் தெரியாதா. எட்டாம் வகுப்பில் வியாழக்கிழமை நீதிபோதனை வகுப்பு, சிஸ்டர் ஒலிவெட் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவருவார், மனதில் பாரமாக இருப்பதை ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போட வேண்டும், பெயர் வேண்டாம், சிஸ்டர் வாசிப்பார், எல்லோரும் கண்ணை மூடி அந்தப் பெண்ணுக்காக ஜெபிக்க வேண்டும். ஒரு சீட்டில், என் அம்மா இந்த வகுப்பில் ஒருத்தி வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், அவளுடைய பழைய யூனிஃபார்மைத்தான் நான் போட்டிருக்கிறேன், அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவளுக்காக நன்றி என்று எழுதியிருந்தது. சிஸ்டர் குரல் தழுதழுத்தது. முப்பத்தெட்டு பேரும் கண்ணை மூடியிருந்தோம், நானும் மூடியிருந்தேன், உண்மையாகவே ஜெபித்தேன், அதுதான், உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் குணவதி நின்றாள். அவள் கழுத்துப் பக்கம் சட்டை கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. கையை நீட்டி அவள் காலரை மடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு நூலில் வேறொருத்தியின் இனிஷியல். பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குணவதி திரும்பவே இல்லை, பிரேயர் முடியும்வரை அப்படியே நின்றாள், காலர் மடங்கினபடியே. அதற்குப் பிறகு யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். டிபனில் பங்கு கொடுத்தார்கள், ஒருத்தி பழைய ஷூ கொண்டுவந்தாள், நான் என் ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுத்தேன். காலாண்டு லீவுக்குப் பிறகு அவள் வரவில்லை. இதை ஏன் நேற்று ராத்திரி நினைக்கவில்லை. நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் எழுதினேன் என்று தோன்றுகிறது, அவள் வேறு, என் பிள்ளை வேறு, அவர்கள் பெண்கள், இவர்கள் குழந்தைகள், என்னென்னவோ காரணம். கைதட்டல் நின்றுவிட்டது. எப்போது நின்றது.

எழுந்துவிட்டேன். வாளியும் துடைப்பமுமாக ஆயாம்மா வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். "உக்காருங்கம்மா, பெல் அடிக்க இன்னும் நேரங் கெடக்கு. நடுவுல தொறந்தா அந்த மேடத்துக்குப் புடிக்காது" என்றாள். உட்கார்ந்தேன். யார் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன் நான். "நீங்க நித்திலன் தம்பி அம்மாதான? மொகமே சொல்லுது. அன்னைக்கு நான்தாம்மா தொறந்துவிட்டேன்." என்னைக்கு என்றேன், தெரிந்துகொண்டே. "அதான், ஸ்கூல் தொறந்த மொத வாரம். மூணு மணிக்குமேல பாத்ரூம் கழுவப் போவன்ல, கடைசிக் கதவுல வெளித் தாப்பா போட்டிருந்துச்சு. தொறந்தா தம்பி நிக்குது. மூலையில, ஒக்காரக்கூட இல்ல, டிபன் டப்பாவ மார்ல அணைச்சுக்கிட்டு." மூன்று மணி. சாப்பாட்டு பெல் பன்னிரண்டே முக்காலுக்கு. கொஞ்ச நேரம்தாம்மா என்றான். "எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப்போச்சு. ஏன்யா, தட்டக்கூடாதா, சத்தம் போடக்கூடாதான்னேன். பக்கத்துல அஞ்சு ஏ கிளாசு நடக்குதுல்ல, தட்டுனா டிஸ்டர்ப் ஆவும்னுச்சு. அடப்பாவி மவனேன்னு இருந்துச்சு எனக்கு. எவ்வளவு டீசன்ட்டா வளத்திருக்கீங்க!" சிரித்தாள், பெருமையாகத்தான் சொன்னாள், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான்தான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பு நடக்கும்போது கதவைத் தட்டக்கூடாது, பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசக்கூடாது, ஒருமுறை மெதுவாகத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை மெதுவாகத் தட்டியிருப்பான். காத்திருந்திருப்பான். இரண்டேகால் மணி நேரம், அந்த நாற்றத்தில், அஞ்சு ஏ பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டு. நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு எட்டில் இருக்கிறது கதவு, வெளியில் தாழ்கூட இல்லை. ஏன் தட்டவில்லை நீ, எழுந்திரு, தட்டு, என்ன நினைத்தால் என்ன, பைத்தியக்காரி என்று நினைக்கட்டும். எழுந்தேன். கையை மடக்கிக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே பிரிசில்லா மேடத்தின் குரல், ஒரே சீராக, பாடப் புத்தகத்தை அல்ல, வேறெதையோ வாசிக்கிற குரல். "...மொட்டைமாடியில் காயப்போட்டு, மேல் வீட்டுக்காரர்கள் பார்க்காமல் இருக்க..." என் வாக்கியம். கமா விட்ட இடத்தில் நிறுத்தி வாசித்தார். சிரிப்புக்காகக் காத்திருந்தேன். சிரிப்பு வரட்டும், வந்தால் உள்ளே போய்விடுவேன், அடிப்பேன், எவனையாவது. சிரிப்பு வரவில்லை. ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், பிறகு இன்னொருவன். அழுகிறார்கள். பையன்கள் அழுகிறார்கள். என் கை அப்படியே காற்றில் நின்றது. ஐயோ, வேலை செய்கிறதே என்று நினைத்தேன், ஒரு நொடி, முழுதாக ஒரு நொடி, என் கடிதத்தை நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் என் முன்னால் வெளுத்த ஒரு காலர் வந்து நின்றது.

பெல் அடித்தது. கதவு திறந்தது, நான் பின்னால் நகர்ந்தேன். பிரிசில்லா மேடத்தின் கண்கள் சிவந்திருந்தன, முகமெல்லாம் வெளிச்சம். "மேடம், நான் பதினோரு வருஷமா இதைப் பண்றேன், இப்படி ஒரு குரூப்பைப் பார்த்ததில்ல. ஏழு பேரும் அழுதுட்டாங்க. சொல்லுங்கடா, ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லுங்க." வரிசையாக நின்றார்கள், கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக. விஷாக் "சாரி ஆன்ட்டி" என்றான், நடிக்கவில்லை அவன், நடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனுக்கு நான் தண்ணி ஞாபகப்படுத்துவேன் ஆன்ட்டி, ஒவ்வொரு பீரியடும்." "நான் என் பக்கத்துல உக்காத்தி வெச்சுக்குவேன்." "யாராவது படுக்கை அது இதுன்னு கிண்டல் பண்ணா நான் அவன் மூஞ்சிய ஒடைப்பேன்." "உடைக்கக்கூடாது, என்ன சொன்னோம்?" "சரி மேம். மிஸ்கிட்ட சொல்லுவேன்." ஷூ லேஸை மிதித்து நடந்த குள்ளப் பையன், முகில் என்று சட்டையில் இருந்தது, எல்லோரும் முடிக்கும்வரை காத்திருந்து சொன்னான். "நான் அவன தெனமும் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போவேன் ஆன்ட்டி. நான் வெளியில நின்னு யாரும் தாப்பா போடாம பாத்துக்குவேன். அவன் பயப்பட வேண்டாம்." மேடம் அவன் தலையைத் தடவினார். "எப்போலேர்ந்து?" "இப்போலேர்ந்தே மேம்!" வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேனா. வாய் திறந்தது. ஆனால் ஏழு பேரும் ஓட ஆரம்பித்திருந்தார்கள், வராந்தாவில் ஏழு ஜோடி ஷூக்கள், நான் பின்னால் போனேன், கான்வென்ட் பெண்கள் வராந்தாவில் ஓடக்கூடாது, ஓடினேன், செருப்பு வழுக்கியது, ஐந்து பி வாசலில் அவர்கள் குரல் எனக்கு முன்னால் போய்விட்டது. "நித்திலா! டேய் நித்திலா, வாடா, எங்களுக்கு எல்லாம் தெரியும்டா, ராத்திரி ஆகுறதெல்லாம் தெரியும், பரவால்லடா, நாங்க இருக்கோம்!" வகுப்பு முழுக்கத் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. நாற்பது முகங்களும் ஒரேயடியாகக் கனிந்தன, அதைப் பார்த்தேன். நித்திலன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான், பெரியவர்கள் கூப்பிட்டால் எழுவது மாதிரி. முகில் அவன் கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவு மெதுவாக, உடையும் பொருளைப் பிடிப்பதுபோல. மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். நித்திலன் கையை உதறவில்லை, அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் நடுவில், பாத்ரூம் இருக்கிற பக்கம், வராந்தாவில் நடந்து வந்தான். நான் வழியில் நின்றேன். கண்ணா என்று கையை நீட்டினேன். அவன் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான், நான் யாரென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, ராத்திரி விஷயத்தைச் சொன்னது யார் என்பதும் தெரிந்தது. பள்ளிக்கு வரும் மற்றவர் வீட்டு அம்மாக்களுக்குச் சொல்கிற அதே மரியாதையோடு, "குட் ஆஃப்டர்நூன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனான்.